மண்ணில் இறங்காதது

குகட்பள்ளி, ஹைதராபாத்
8 ஜனவரி 2024

அன்புள்ள ரஞ்சனாவுக்கு,

வாசு எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பிந்துவும் தென்காசியில் சௌக்கியமா என்று கேட்பது முறை. பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்தே கேட்கிறேன்.

நீ போனைத் தொடுவதே இல்லை என்று உன் அம்மா சொன்னார்கள். எனக்கும் கடிதம்தான் வசதி. நான் வாயைத் திறந்தாலே சண்டை வருகிறது என்பது ஊரறிந்த சங்கதி.

கம்பெனியின் விசாரணை அறிக்கை கைக்கு வந்தது. ஜீடிமெட்லா ஆலையில் உன் கணவன், என் தம்பி எரிந்து செத்ததற்கு என் தம்பியையே காரணமாக எழுதியிருக்கிறார்கள். "தடை செய்யப்பட்ட பகுதியில் சரத் செல்போன் வைத்திருந்தார். அழைப்பு வந்தபோது எழுந்த பொறியால் டொலுவின் ஆவி தீப்பற்றியது." பெயின்ட் கரைக்கும் தின்னர் ஜாதித் திரவம் அது. சரத் போய்விட்டான், பக்கத்தில் நின்ற ஃபெலிக்ஸின் இரண்டு கைகளும் வெந்தன. எல்லாம் ஒரு போனால் என்கிறார்கள்.

நான் இயற்பியல் எம்.எஸ்சி. இன்டர் என்கிற பிளஸ் டூ பையன்களுக்குப் பாடம் எடுத்தே தலை நரைத்தவன். துறைத்தலைவர் நாற்காலி என்னிடம் படித்தவனுக்குப் போனது வேறு கதை. டொலுவின் பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பீப்பாய்க்குள் ஓடும்போது உரசலிலேயே மின்னூட்டம் சேரும். மழை விட்டு, காற்று காய்ந்த நவம்பரில் இன்னும் சேரும். தீ வைத்தது அதுதான். வீட்டிலேயே ஒரு நிலைமின் இயந்திரம் கட்டி அதை நிரூபிக்கப்போகிறேன். அறிக்கையை எதிர்த்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸில் மனுக்கொடுக்க ஜூன் வரை அவகாசம் இருக்கிறது.

அப்பாவுக்குக் கொள்ளி வைக்க, மூத்தவன் நான் வந்து சேரும்வரை சரத் காத்திருக்கவில்லை. வாரங்கல் பஸ்ஸில் நான் வந்துகொண்டிருந்தேன். அதன்பிறகு ஏழு வருடம் அவனோடு பேசவில்லை. அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். அறிக்கையில் இருப்பது எங்கள் அப்பாவின் பெயரும்தான்.

பிந்துவுக்கு ஆசிகள்.

வாசுதேவன்

---

தென்காசி
25 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

ரஞ்சனா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். பிந்துவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அம்மா தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள். அம்மா என்னைப் பார்க்கிறாள்.

நேற்று பிந்து பிளாஸ்டிக் பாயிலிருந்து எழுந்துபோய் இரும்பு பீரோவைத் தொட்டாள். சுரீரென்றது. பயப்படுவாள் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டே "நானா ஒச்சாடு" என்றாள். அப்பா வந்தாராம். எங்கள் செகந்திராபாத் வீட்டில் பனிக்காலத்தில் அவர் கால்மிதியில் பாதத்தைத் தேய்த்துவிட்டு வந்து அவள் காது மடலைத் தொடுவார். அந்த ஞாபகம். அப்போதிலிருந்து பாயில் காலைத் தேய்த்துத் தேய்த்து பீரோவைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

அறிக்கையில் எழுதினது எழுதினதாக இருக்கட்டும் அத்தான். போன் என்றால் போன்தான். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரஞ்சனா

---

குகட்பள்ளி
3 பிப்ரவரி 2024

அன்புள்ள ரஞ்சனாவுக்கு,

நலம். உன் அம்மாவின் மூட்டுவலி எப்படி?

வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துகிற ஆள் நானில்லை. இயந்திரம் தயார். பேகம் பஜாரில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி ஒரு உருண்டை. அதைத் தாங்க ஆளுயரப் பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஒரு ரப்பர் பட்டை, கீழும் மேலும் வெவ்வேறு பொருளில் செய்த உருளைகள், சுற்ற ஒரு தையல் மிஷின் மோட்டார். கீழ் உருளையில் பட்டை உரசி உரசி மின்னூட்டம் பிறக்கும். பட்டை அதை ஏற்றக் கிணற்று வாளிபோல மேலே சுமந்துபோகும். அங்கே பிரித்த செம்புக்கம்பி நுனிகள் அதை வாங்கி உருண்டைக்குக் கொடுக்கும். உள்ளே கொடுத்தது உடனே வெளித்தோலுக்கு ஓடிவிடுவதால் உட்புறம் எப்போதும் காலியாக, இன்னும் கொண்டா என்று இருக்கும். எனக்குத் தெரிந்த சில மனிதர்களும் இந்த அமைப்புதான்.

பீப்பாய்க்குப் பதில் ஒரு எண்ணெய் டின். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து உருண்டையிலிருந்து மின்னூட்டம் ஏற்றுகிறேன். விரலை நீட்டினால் நீலப்பொறி. சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டு வெங்கடராமன், ராமச்சந்திராபுரம் பேக்டரியில் ரிடையர் ஆனவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "காய்கூ சார், எதுக்கு இதெல்லாம்? கரண்ட் பில் நக்கோ, வேணாம்னு சொந்தமா தயாரிக்கறீங்களா?"

டின்னிலிருந்து ஒரு கம்பியைத் தண்ணீர்க் குழாயில் மாட்டினால் எல்லாம் மண்ணுக்கு இறங்கிவிடுகிறது. பொறி இல்லை. கம்பெனியில் இதற்கு எர்த் கிளிப் உண்டு. அன்றைக்கு அதை மாட்டவே இல்லை, அல்லது கொடுக்கவே இல்லை என்பது என் சந்தேகம்.

இன்னொன்று. மோட்டாரை நிறுத்தி வெகுநேரம் கழித்து அந்த அறைக்குள் போனாலும் முன்கை மயிர் எழுந்து நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியிலும் திரைச்சீலையிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். சிலசமயம் ஆளில்லாத அறையில் 'டிக்' என்று ஒரு சத்தம். சரத் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது விரலைச் சொடுக்குவானே, அது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன்.

வாசுதேவன்

---

தென்காசி
17 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். அம்மாவுக்குத் தைலம் போட்டுக் கொஞ்சம் தேவலை. உங்களுக்கு இருமல் என்று அம்மா சொன்னாள், விட்டதா?

ஒரு சந்தேகம். பிந்துவின் வகுப்பில் கேட்டார்களாம். ஒரு போனை எடுத்துப் பேசுவதைவிட, எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருந்தால் அதிகமாகச் சூடாகுமா? ஒருதரம் அடித்து ஓய்ந்தபிறகு உடனே மறுபடியும் அடித்தால்? அதில் பொறி வருமா?

நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும்.

ரஞ்சனா

---

குகட்பள்ளி
23 பிப்ரவரி 2024

அன்புள்ள ரஞ்சனாவுக்கு,

இருமல் விட்டது. இதை உடனே எழுதுகிறேன்.

பிந்துவின் வகுப்பில் இதைக் கேட்கமாட்டார்கள். அன்று மத்தியானம் சரத்துக்கு இரண்டுமுறை போன் செய்தது நீ. போனைத் தொடாமல் இருப்பது அதனால்தான். அறிக்கையில் அழைத்தவர் பெயர் இல்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இருந்தாய்?

கவனமாகப் படி. போன் அடிப்பதால் டொலுவின் எரியாது. அவன் அதை உள்ளே கொண்டுபோனது விதிமீறல்தான், அதற்கு ஒரு மெமோ கொடுத்திருக்கலாம். உன் கடிதம் வந்த அன்றே என் போனை டின்மேல் வைத்து வெங்கடராமனை அதற்குக் கூப்பிடச் சொன்னேன். அடித்தது, அதிர்ந்தது, ஒரு பொறியும் இல்லை. அப்புறம் டின்னில் மின்னூட்டம் ஏற்றி விரலை நீட்டினேன். அரிசி நீளத்துக்குப் பொறி. அதில் கால்வாசி போதும் அந்த ஆவிக்கு.

நீ இல்லை. நீ கூப்பிடாமல் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும்.

ஃபெலிக்ஸைப் பார்த்து எர்த் கிளிப் விவரம் கேட்டு எழுதுகிறேன். அதோடு முடிந்தது.

வாசுதேவன்

---

தென்காசி
7 மார்ச் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். இந்த வார்த்தையை இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் அன்று கூப்பிட்ட போனை அணைத்து பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அப்படியும் மத்தியானம் ஆனால் உள்ளே அடிக்கிறாற்போல இருக்கும். எழுந்துபோய் பீரோக் கதவில் காதை வைத்துக் கேட்பேன். இந்த வாரம் இரண்டு நாள் அது கேட்கவில்லை. நான் அன்று கூப்பிட்டது எதற்குத் தெரியுமா? சாயங்காலம் வரும்போது புதினா வாங்கி வாருங்கள் என்று சொல்ல.

ஃபெலிக்ஸைப் பார்த்தீர்களா? அந்தக் கிளிப் ஏன் இல்லை? உங்கள் தம்பி மறக்கிற ஆள் இல்லை. வீட்டில் கேஸ் குமிழை மூடிவிட்டு, படுத்தபிறகும் எழுந்துபோய்ப் பார்ப்பார்.

உடனே எழுதுங்கள்.

ரஞ்சனா

---

குகட்பள்ளி
2 ஏப்ரல் 2024

ரஞ்சனாவுக்கு,

நலம். வெயில் கடுமை. பதில் எழுத நாளாகிவிட்டது.

ஃபெலிக்ஸைப் பார்த்தேன். கிளிப் மாட்டியிருந்ததாம். இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டேன். மனுக்கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். போன் காரணமில்லை என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. அது போதும் என்று நினைக்கிறேன்.

பிந்துவுக்கு ஆசிகள்.

வாசுதேவன்

---

தென்காசி
9 ஏப்ரல் 2024

அத்தானுக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

கம்பி மாட்டினால் எல்லாம் மண்ணுக்கு இறங்கிவிடும், பொறி வராது என்று எழுதியது நீங்கள். இப்போது கிளிப் மாட்டியிருந்தது என்கிறீர்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது போன் மட்டும்தான். பரிதாபப்பட்டு என்னிடம் பொய் சொன்னீர்களா? நீங்கள் யாருக்கும் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பீரோவுக்குள் மறுபடியும் அடிக்கிறது.

ஃபெலிக்ஸ் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

ரஞ்சனா

---

குகட்பள்ளி
16 ஏப்ரல் 2024

அன்புள்ள ரஞ்சனாவுக்கு,

நலம்தானா என்று நானும் கேட்கவில்லை. நீ கேட்டதை அப்படியே தருகிறேன்.

ஃபெலிக்ஸின் கைகளில் இன்னும் உறை. அவன் மனைவிதான் டம்ளரை அவன் வாயருகே பிடித்தாள்.

"கிளிப் போட்டாரு சார். ஒரு முனை பீப்பால, ஒரு முனை சுவத்துல போற எர்த் பட்டையில. ரெண்டு தடவ இழுத்துக்கூடப் பாத்தாரு."

"பட்டை எப்படி இருந்தது?"

"சூப்பரா இருந்துச்சு. பச்சைப் பசேல்னு. ஆயுத பூஜைக்கு சரத் அண்ணன்தான் பெயின்ட் அடிச்சாரு."

"கிளிப் மாட்டுகிற இடத்திலுமா?"

"பூராவும் சார். மத்த செக்‌ஷன்ல எல்லாம் மிஷினுக்கு மட்டும்தான் அடிப்பாங்க. நான் போதும்ணேன்னேன். 'நக்கோடா, பூஜைன்னா பூரா பூஜை. அந்தப் பட்டை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு'ன்னாரு. மூணு கோட்டு. மேல சந்தனம், குங்குமம். மேனேஜர் வந்து, 'அரே சரத், கல்யாண மண்டபம் மாதிரி வெச்சிருக்கியே'ன்னு ஸ்வீட் டப்பா ஒண்ணு எக்ஸ்ட்ரா குடுத்தாரு. அண்ணனுக்கு என்னா சந்தோஷம்ங்கறீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைக்கக் கை உதவாமல் தோளில் தேய்த்துக்கொண்டான். நான் எதற்குக் கேட்டேன் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

கிளிப் பெயின்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த இரும்பை அது தொடவே இல்லை. காற்றில் மழையீரம் இருந்தவரை சேர்ந்த மின்னூட்டம் தானாகக் கசிந்து போயிருக்கும். காய்ந்த வாரம் வந்ததும் பீப்பாயில் தங்கிவிட்டது. குழாயை எடுக்க சரத் கை நீட்டினான், பொறி தாவியது. தினமும் "எர்த் சரி" என்று கையெழுத்துப் போட்ட எவனும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் தூரிகையைப் பிடித்தவன் சரத்.

டின்னுக்கும் பச்சை எனாமல் அடித்துப் பார்த்தேன். கிளிப் மாட்டியும் பொறி வந்தது.

உன் போன் இல்லை.

வாசுதேவன்

---

தென்காசி
22 ஏப்ரல் 2024

அத்தானுக்கு,

ஏழு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை இறக்கிவிட்டீர்கள். இப்போது பாரம் குறைந்திருக்குமே?

போன் என்றால் தப்பு என்னோடது. அதைச் சுமந்துகொண்டு நான் இருந்துவிடுவேன். அவர்மேல் ஒரு குறையும் இல்லாமல் அவரை நினைத்துக்கொள்ளலாம். அதையும் உங்களால் விட்டுவைக்க முடியவில்லை. பூஜைக்கு ஆசையாகப் பெயின்ட் அடித்த மனுஷனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டீர்கள்.

மாமா இறந்த அன்று நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணன் வரட்டும்" என்று இவர் பொழுது சாயும்வரை எல்லோரோடும் மல்லுக்கு நின்றார். உங்கள் போன் அணைந்து கிடந்தது. கடைசியில் பெரியவர்கள் இவர் கையைப் பிடித்துக் கொள்ளியைக் கொடுத்தார்கள். இதை உங்களிடம் சொல்ல நீங்கள் எங்கே விட்டீர்கள்?

நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

ரஞ்சனா

---

குகட்பள்ளி
1 மே 2024

ரஞ்சனாவுக்கு,

நீயும் பிந்துவும் நலமாக இருக்க வேண்டும்.

என்னை நம்ப வேண்டாம். நீயே செய்து பார். குற்றால மலையில் சாரல் விழத் தொடங்குவதற்குள் செய். ஈரக்காற்றில் எதுவும் நிற்காது.

ஒரு தெர்மோகோல் பலகையைக் கம்பளித் துணியால் நன்றாகத் தேய். ஒரு அலுமினியத் தட்டின் நடுவில் பிளாஸ்டிக் டம்ளரைப் பிடியாக ஒட்டி, அதன்மேல் வை. தட்டை விரலால் ஒருமுறை தொடு. மெல்லச் சுரீர் என்னும். விரலை எடுத்துவிட்டு, பிடியைப் பிடித்துத் தட்டைத் தூக்கு. இப்போது தட்டில் மின்னூட்டம் இருக்கிறது. இன்னொரு தெர்மோகோல் துண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, அதைத் தட்டால் தொட்டால் மின்னூட்டம் டம்ளருக்குப் போகும். டம்ளர்தான் பீப்பாய். கிணற்றடி இரும்புக் குழாயிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து கிளிப்பால் டம்ளரில் மாட்டு. முதலில் வெறும் டம்ளர். அப்புறம் கிளிப் கடிக்கிற இடத்தில் மூன்று கோட் எனாமல். ஒவ்வொருமுறையும் பெயின்ட் இல்லாத பக்கமாக விரலை நீட்டிப் பார்.

அப்பா இறந்த அன்று நடந்ததைப் படித்தேன். அன்றைக்கு பஸ்ஸில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துதான் போயிருந்தது.

வாசுதேவன்

---

தென்காசி
26 மே 2024

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட இருந்தேன். போடவில்லை. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் செய்தேன். வெறும் டம்ளரில் ஒன்றும் இல்லை. பெயின்ட் பூசினேன். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் கிளிப்பை மாட்டி, அவர் இழுத்துப் பார்த்த மாதிரி இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகப் பிடித்திருந்தது. விரலை நீட்டினேன். கடித்தது.

நம்ப மனமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தேன். விரல் நுனி மரத்துப்போனது. பிறகு சமையல் கத்தியால் பெயின்டைச் சுரண்டி, அதே இடத்தில் கிளிப்பை மாட்டி, நீட்டினேன். ஒன்றுமே இல்லை. அங்கேயே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது அத்தான். இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர்மேல் கோபம் வந்து வாய்விட்டுத் திட்டினேன். "அறிவு இருக்காய்யா உமக்கு" என்று கத்தியிருக்கிறேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அன்று ராத்திரி தூங்கினேன்.

நீங்கள் சொன்னது சரி. அதற்காக உங்களை மன்னிக்க எனக்கு நாள் பிடிக்கும்.

மனுவைக் கொடுத்துவிடலாம். ஃபெலிக்ஸுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த டிபார்ட்மென்டில் நாளைக்கு வேறு ஒருவன் பூஜைக்குப் பெயின்ட் டப்பாவைத் திறப்பான். பட்டைக்குப் பெயின்ட் அடித்தது என் கணவர் என்று எழுதப்போகிறேன். மேனேஜர் பார்த்துப் பாராட்டியதையும், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் எழுதுவேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

மனுவில் உங்கள் பெயர் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் பங்காளிப் பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். பெண்டாட்டி போட்டால் மறுக்க ஆளில்லை. ஜூன் மூன்றாம் தேதி ரயிலில் வருகிறேன். ஃபெலிக்ஸின் வீட்டில் தங்கிக்கொள்கிறேன், பீரோவிலிருந்து போனை எடுத்து அவர் மனைவியிடம் பேசிவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஆபீஸுக்கும் வர வேண்டாம். அவர் பெயரை நான் அந்தத் தாளில் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் நின்றால் என் கை ஓடாது.

ரஞ்சனா சரத்